ஓட்டிப் பார்த்தல்



பத்தாம் ஆண்டு விழாவில் பழைய காரைப் பற்றி ஓர் உரையா என்று அவையில் சிலர் வியக்கக்கூடும். வியப்பு நியாயமானதே. எனினும் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட நிலத்தில் வண்டியைப் பற்றிப் பேசுவது இலக்கியத்துக்குப் புறம்பான செயல் அன்று. இந்த மண்ணில் பிறந்த சங்க நூலே ஒரு வழிநடைக் குறிப்புத்தான். இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, 269 அடிகளில், பாணன் ஒருவனை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் எனத் தங்குமிடம் சொல்லிச் சொல்லி, ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் கிடங்கிலுக்குக் கொண்டுசேர்க்கிறது. கிடங்கில், இன்று திண்டிவனம் நகருக்குள் அடங்கிய கிடங்கல். அவ்வூரைப் பாட்டில் தேடியவர் பலர்; பாட்டின் கடைப்பகுதியில் நிற்கும் வண்டியைக் கண்டவர் சிலரே.

நல்லியக்கோடன் பாணனுக்கு உணவும் உடையும் பொருளும் கொடுத்தபின் ஒரு வண்டியையும் கொடுக்கிறான். புலவர் அதன் அழகை மட்டும் சொல்லி விடுவதில்லை. சக்கரத்தின் குடத்தில் உளி ஆழப் பாய்ந்த தழும்பு இருக்கிறது, ஆரக்கால் சூழ்ந்திருக்கிறது, விளிம்பில் இரும்பு இருக்கிறது, மேற்போர்வைக்கு அரக்கின் செந்நிறம் இருக்கிறது. தச்சரின் கைவேலை முடிந்தபின் அவ்வண்டி ஏறிச் செலுத்திப் பார்க்கப்பட்டு, நல்ல ஓட்டம் உடையது என்ற பெயரைப் பெற்றதாகவும் பொருள்கொள்ளப்படுகிறது. வேலை முடிந்தவுடன் வண்டி வண்டியாகிவிடவில்லை. ஓட்டிப் பார்த்த பிறகே அதற்குப் பெயர் கிடைத்தது. பரிசுப் பொருளைப் பாடவந்த புலவர் இந்த ஒரு படியை விடாமல் சொல்லியிருப்பது கருதத்தக்கது. பட்டறையை அறிந்த கண் அது.

இனி, சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. மகிழுந்து என்றும் சிற்றுந்து என்றும் நல்ல சொற்கள் உள்ளன. பாடநூல்களிலும் செய்தித்தாள்களிலும் அவை நின்றுவிட்டன. ஆனால் பட்டறையில் எவரும் மகிழுந்தைப் பழுது பார்ப்பதில்லை. அங்கே அது கார்; பெரும்பாலும் வெறும் வண்டி. இவ்வுரையிலும் அவ்வாறே வழங்கப்படும். மேகத்துக்கும் மழைப்பருவத்துக்கும் உரிய பழந்தமிழ்ச் சொல் ஒன்று ஆங்கில ஊர்திக்கும் பெயரானது தற்செயல்தான். கவிஞர்கள் அதில் சிலேடை கட்டாதிருந்தால் நன்று.

எடுத்துக்கொண்ட கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இதைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. ஒரு தலைமுறை இந்தியாவுக்குக் கார் என்றால் மூன்று: கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவின் அம்பாசிடர், பம்பாயின் ஃபியட், சென்னையின் ஸ்டாண்டர்டு. 1948-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை, வண்டலூர் - பெருங்களத்தூர்ப் பகுதியில், திருச்சி நோக்கி வரும் ஜி.எஸ்.டி. சாலையின் ஓரத்திலேயே இருந்தது. அதே சாலைதான் திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் தொட்டுத் தெற்கே போகிறது. ஆக, ஹெரால்டு இந்தச் சாலையின் பிள்ளை. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலாட்டி வரைந்த அந்த உருவம் 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1961 முதல் சென்னையில் செய்யப்பட்டது. நான்கு கதவு கொண்ட ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே பிறந்தது. 1970களில் கெசல் வந்தது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. 1980களின் இறுதியில் எல்லாம் நின்றுபோயிற்று. தொழிற்சாலை இருந்த நிலத்தில் இன்று கணினி நிறுவனங்களின் கட்டடங்கள் நிற்கின்றன.

948 கன சென்டிமீட்டர் எஞ்சின் உடைய சிறிய கார் இது. இதன் முகப்பு முழுவதும், மட்கார்டுகளோடு சேர்ந்து, முன்புறமாகச் சாய்ந்து திறக்கும். மெக்கானிக் முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலையைப் பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும்; கடைத்தெருவில் பின்னுக்கு எடுக்காமல் திருப்பக்கூடிய வண்டி. இவை இதன் நற்குணங்கள். பின்சக்கரங்களின் அமைப்பு வேறு கதை. அது பின்னர் வரும்.

ஒரு பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை, பெயிண்ட் காய்ந்த நாளையே முடிவு நாள் என்று கொள்வது. டிங்கரிங் முடிந்து, எஞ்சின் ஓவர்ஹால் ஆகி, இருக்கைக்கு உறை போட்டு, குரோமியம் பளபளக்கும்போது எடுத்த புகைப்படம் வீட்டுச் சுவரில் ஏறிவிடுகிறது. ஆனால் அந்நாளில் கையில் இருப்பது கார் அன்று. ஒன்றோடொன்று இன்னும் பழகாத சில ஆயிரம் உறுப்புகளின் கூட்டம். புதிய பிஸ்டன் வளையத்துக்குச் சிலிண்டர்ச் சுவரைத் தெரியாது. புதிய பிரேக் ஷூவுக்குப் பழைய டிரம்மின் வளைவு தெரியாது. ஹெட் கேஸ்கட் இன்னும் அமரவில்லை. இவற்றைப் பழக்குவது பட்டறையில் நடவாது, சாலையில்தான் நடக்கும். முதல் 800 கிலோமீட்டர் வரை மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகாமல், ஒரே வேகத்திலும் நெடுநேரம் போகாமல், ஏற்றியும் இறக்கியும் ஓட்டவேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களின் விதி. மெதுவாகவே ஓட்டினாலும் கெடுதல். வளையம் சுவரோடு அழுந்திப் பொருந்த அதற்குக் கொஞ்சம் சுமை வேண்டும்.

முதல் ஓட்டம் ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பது அறிவுடைமை. நின்றுவிட்டால் நடந்து திரும்பக்கூடிய தொலைவு அது. எண்ணெய் அழுத்தம், வெப்பம், பிரேக் ஆகிய மூன்றையும் தவிர வேறெதையும் அன்று பார்க்க வேண்டியதில்லை. திரும்பி வந்தபின் வண்டியை இரவு முழுவதும் ஆறவிட்டு, மறுநாள் ஹெட் நட்டுகளை முறைப்படி மறுபடி முடுக்கி, டேப்பெட் இடைவெளியை 0.25 மில்லிமீட்டருக்கு அளந்து வைக்கிறார்கள். தரையில் விரித்த செய்தித்தாள் எங்கே எண்ணெய் சொட்டியது என்பதைச் சொல்லிவிடும். அந்தத் தாளை உடனே எறிந்துவிடாமல், எந்தச் சொட்டு எந்த உறுப்பின் நேர்கீழே விழுந்தது என்று பேனாவால் குறித்துவைப்பவர் நல்ல மெக்கானிக்.

இதன் பிறகே திண்டிவனம் - விழுப்புரம் ஓட்டம். போக ஏறக்குறைய 40 கிலோமீட்டர், வர 40. சோதனைக்கு இது பொருத்தமான அளவு. எஞ்சின் முழுச் சூட்டை அடைந்து, அச்சூட்டிலேயே வெகுநேரம் நின்று, பிறகு ஊருக்குள் நெரிசலில் அகப்பட்டுத் தவிக்க இத்தொலைவு போதும். சாலை 2000களில் நான்கு வழியாக விரிந்தபின் புளியமரங்களின் நிழல் போய்விட்டது, தார்ச்சூடு மிகுந்துவிட்டது. மேலும் நான்கு வழிச் சாலை பழைய காரைச் சோதிப்பதில்லை, முகத்துதி செய்கிறது. வளைவு இல்லை, பிரேக் பிடிக்க இடமில்லை, கியர் மாற்றத் தேவையில்லை. ஆகவே தெரிந்தவர்கள் கூட்டேரிப்பட்டில் ஒருமுறை, விக்கிரவாண்டியில் ஒருமுறை என ஊருக்குள் இறங்கிப் பழைய பாதையில் ஓட்டுகிறார்கள். வேகத்தடை, மாட்டு மந்தை, நிறுத்தத்தில் திடீரென்று நிற்கும் பேருந்து ஆகியவையே உண்மையான தேர்வாளர்கள்.

ஒரு ஹெரால்டு திண்டிவனத்திலிருந்து காலை 11 மணிக்குப் புறப்படுகிறது என்க. மயிலம் குன்று இடப்புறம் தோன்றி மறையும் வரை நன்றாக ஓடுகிறது. ஏறக்குறைய 25 கிலோமீட்டர் கடந்து, விக்கிரவாண்டியை நெருங்கும்போது நின்றுவிடுகிறது. ஓட்டுபவர் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்க்கிறார், கிளம்பவில்லை. அரை மணி நேரம் தேநீர்க் கடையில் உட்கார்ந்துவிட்டு வந்து அழுத்தினால் ஒன்றும் நடவாததுபோல் கிளம்புகிறது. மறுநாளும் இதே கதை. பழைய கார் வைத்திருப்போர் அனைவரும் அறிந்த துன்பம் இது. பலர் மனம் சலித்து வண்டியை விற்றதும் இந்த இடத்தில்தான்.

இங்கே முதலில் கேட்கவேண்டிய கேள்வி, எப்படி நின்றது என்பது. விளக்கை அணைத்தாற்போல ஒரே நொடியில் நின்றதா, குலுங்கிக் குலுங்கி, திணறித் திணறி நின்றதா? முன்னது மின்பொறியின் குறை. பின்னது பெட்ரோலின் குறை. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் கார்புரேட்டரைக் கழற்றுபவர் நாள் முழுவதும் கழற்றிக்கொண்டே இருப்பார். அடுத்த விதி இன்னும் முக்கியம்: சூடு ஆறுவதற்குள் பார்த்துவிடவேண்டும். ஆறிய வண்டி பொய்ச்சாட்சி சொல்லும். தேநீர் அருந்திய அந்த அரை மணி நேரத்தில் தடயம் அழிந்துவிடுகிறது.

நின்ற கணமே செய்ய வேண்டியவை சில உண்டு. பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்து காதுகொடுக்க வேண்டும். உஸ் என்று காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டால், மூடியில் உள்ள சிறு துளை அடைபட்டு, டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பினால் இழுக்க முடியாமல் போயிருக்கிறது. புதுப் பெயிண்டே அத்துளையை அடைத்திருக்கலாம். ஓசை இல்லையெனில், பம்பின் கைநெம்பை அழுத்திப் பெட்ரோல் கார்புரேட்டருக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராமல், பம்பின்மேல் ஈரத்துணியைப் போட்டதும் வந்தால், குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கிறது. பட்டறையில் ஏர்லாக் என்பார்கள். பெட்ரோல் சரியாக இருந்தால், ஒரு பிளக் வயரை எடுத்து எஞ்சின் உடலுக்கு அருகே பிடித்துச் சுற்றவைத்து, பொறியைப் பார்க்க வேண்டும். நீலநிறத்தில் தடித்து விழுந்தால் நலம். மஞ்சளாய் மெலிந்து விழுந்தாலோ, விழாமலே போனாலோ, குற்றவாளி காயில் அல்லது கண்டென்சர்.

கண்டென்சர் கட்டைவிரல் நுனியளவு உள்ள பொருள். சூடானால் கெட்டு, ஆறினால் பிழைக்கும் இயல்பு அதற்கு உண்டு. ஆகவே மேற்கண்ட ஹெரால்டில் கண்டென்சர் மாற்றப்படுகிறது என்க. வண்டி விழுப்புரம் வரை ஓடுகிறது. எல்லோரும் மகிழ்கிறார்கள். திரும்புகையில் முண்டியம்பாக்கத்தில், இம்முறை குலுங்கிக் குலுங்கி நிற்கிறது. புதிய கண்டென்சரும் கெட்டது என்று முடிவு கட்டுவதே மனித இயல்பு. ஆனால் நின்ற விதம் வேறு. டேங்கின் அடியில் பல ஆண்டுகளாகப் படிந்த துரு, வேகமாக ஓடும்போது குழாயின் வாய்க்கு இழுபட்டு அடைக்கிறது. வண்டி நின்றதும் கீழே படிந்து வழிவிடுகிறது. முதல் நோய் இரண்டாம் நோயை மறைத்திருந்தது. இரண்டு காரணங்கள் ஒரே குறியைக் காட்டும் இத்தகைய நிலையில்தான், ஒருமுறைக்கு ஒரு பொருளை மட்டுமே மாற்று என்னும் பட்டறை விதியின் அருமை தெரிகிறது. மூன்றை ஒருசேர மாற்றினால் வண்டி ஓடலாம். ஏன் ஓடுகிறது என்பது எவருக்கும் தெரியாது.

நிற்காமல் ஓடும் வண்டியையும் கேள்வி கேட்கலாம். நேர்ப்பாதையில் சீரான வேகத்தில் சிறிது தொலைவு ஓட்டி, சாவியை அணைத்து, கிளட்சை மிதித்து ஓரங்கட்டி, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது பழைய முறை. பிளக்கின் முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் பெட்ரோலும் காற்றும் அளவோடு சேர்கின்றன. கரிபடிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகை. சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் காற்று மிகை, எஞ்சின் உள்ளே வேகிறது. மேட்டில் ஏறும்போது கண்ணாடிக் கோலிகளைத் தகரத்தில் குலுக்குவதுபோல ஓசை வந்தால் பொறி விழும் நேரம் முந்திவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழையளவு பின்னுக்குத் திருப்ப வேண்டும். சோதனை ஓட்டம் முடிந்ததும் நான்கு சக்கரங்களின் குடத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார்கள். மூன்று இளஞ்சூடாகவும் ஒன்று கொதித்தும் இருந்தால், அச்சக்கரத்தில் பிரேக் விடாமல் உராய்கிறது, அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. இத்தனை கருவிகள் வந்த பின்னும் புறங்கைக்கு இணையான கருவி அந்த இடத்துக்கு வரவில்லை.

பின்சக்கரங்களுக்கு வருவோம். ஹெரால்டின் பின் அச்சு, மாட்டுவண்டியின் அச்சுபோல ஒரே தண்டு அன்று. நடுவிலிருந்து இரு கைகள்போல இரு பாதிகள் தனித்தனியே மேலும் கீழும் அசையும். மேலே குறுக்காக ஒற்றை வில் தாங்கும். ஜாக்கி வைத்துத் தூக்கி இறக்கினால் சக்கரங்கள் உட்புறமாக மடங்கி, வண்டியின் பின்பகுதி உயர்ந்தே நிற்கும். சில அடி உருட்டிய பிறகே அமரும். இதனை அறியாத மெக்கானிக் வில் கெட்டது என்று புது வில் போட்டுச் செலவு வைப்பார். இதைவிட முக்கியமானது, வளைவில் வேகமாகத் திரும்புகையில் பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டுவிடக் கூடாது என்பது. பின்பகுதி எழும்பி, சக்கரம் மடங்கி, வண்டி வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் சீராக மிதித்துச் செல்ல வேண்டும். அம்பாசிடரும் ஃபியட்டும் பழகிய ஓட்டுநர்களுக்கு இது புதிது. பின்வந்த கெசலில் ஒற்றைத் தண்டு அச்சையே வைத்துவிட்டார்கள். ஹெரால்டைப் புதுப்பிப்பவர் இக்குறையை நீக்கிவிட முடியாது. சோதனை ஓட்டம் அவருக்குக் கற்பிப்பது வண்டியைத் திருத்துவதை மட்டுமன்று. வண்டிக்கேற்ப ஓட்டுபவர் தம்மைத் திருத்திக்கொள்வதையும்தான்.

கவிஞர்கள் கூடிய அவையில் பட்டறை மொழியைப் பற்றிச் சொல்லாமல் போவது தகாது. வண்டி இருமுகிறது, முக்குகிறது, முனகுகிறது, மூச்சுத் திணறுகிறது, உதறுகிறது, எண்ணெய் குடிக்கிறது, தண்ணீர் தள்ளுகிறது, இழுவை இல்லை, மிஸ்ஸிங் அடிக்கிறது. இவை உருவகங்கள் என்று இலக்கணம் சொல்லும். பட்டறையில் இவை உருவகங்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு நோயின் பெயர். இருமல் என்றால் கார்புரேட்டர் வழியே பின்வெடிப்பு, காற்று மிகை. உதறல் என்றால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்குவது. சக்கரத்தின் எடை சமன் இல்லை. உதறலும் குலுங்கலும் ஒன்றென்று சொல்லும் உரிமையாளரை மெக்கானிக் நம்புவதில்லை. ஒரு பொருளுக்கு இரண்டு சொற்களைப் போட்டுப் பார்த்து எது வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று விட்டுவிடும் கவிதைகள் மிகுந்துவரும் காலத்தில், இந்தக் கண்டிப்பு கவனிக்கத்தக்கது. பழைய வண்டித் தச்சரின் சொற்களாகிய குடம், ஆர், வட்டை, கடையாணி என்பவை அகராதிக்குள் ஒதுங்கிவிட்டன. பாயிண்ட், கண்டென்சர், சோக் என்னும் சொற்களும் அவ்வழியே புறப்பட்டுவிட்டன; இன்றைய கார்களில் அப்பொருள்களே இல்லை.

சோதனைக்குப் புறப்படும் வண்டியின் டிக்கியில் ஒரு கண்டென்சர், ஒரு பாயிண்ட், ஒரு ஃபேன் பெல்ட், நான்கு பிளக்குகள், இரண்டு அடி ரப்பர்க் குழாய், ஒரு குடம் தண்ணீர் கட்டாயம் இருக்கும். இவ்வழக்கமும் இங்கே பழையது. புறநானூற்று 102-ஆம் பாட்டில் அவ்வையார், உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வதைக் காட்டி, அதியமான் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். பள்ளத்தில் இறங்கவும் மேட்டில் ஏறவும் நேரும் வண்டிக்கு வழியில் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும் என்பது அங்கே கருத்து. உப்பு விளையும் மரக்காணம் திண்டிவனத்துக்கு அண்மையில் இருப்பதால், இவ்வூராருக்கு அந்தப் பாட்டு இன்னும் கொஞ்சம் நெருக்கம்.

அண்மைக் காலத்தில் சோதனை ஓட்டத்தைக் கடினமாக்கியது சாலையன்று, பெட்ரோல். ஹெரால்டு பிறந்த காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது. எஞ்சினின் வெளிப்போக்கு வால்வு அமரும் இடத்துக்கு அது மெத்தைபோல் உதவியது. 2000-ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோலே விற்பனையாகிறது. அதன்பின், பழைய எஞ்சினில் வால்வு தன் இருக்கையைத் தானே அடித்து அடித்துத் தேய்த்து உள்ளே புதைகிறது. டேப்பெட் இடைவெளி அளக்குந்தோறும் குறைந்துகொண்டே வந்தால், இதுவே காரணம். கடினமான உலோக வளையத்தை இருக்கையில் பொருத்துவதே தீர்வு. இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருகிறது. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வருவது. முண்டியம்பாக்கம் போன்ற ஆலை வட்டாரங்களின் உழவர்க்கு அதனால் நன்மை இருக்கலாம். ஆனால் பழைய பம்பின் ரப்பர்ச் சவ்வை அது ஊறவைக்கிறது. நிறுத்திவைத்த டேங்கில் ஈரத்தை உறிஞ்சி அடியில் நீராய்ப் பிரிகிறது. எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 1960களின் அளவுக்கு ஜெட் பொருத்திய கார்புரேட்டர் இந்தப் பெட்ரோலில் காற்று மிகையாக ஓடுகிறது. அதனால்தான் உரிமையாளர் கையேட்டைப் பார்த்து எல்லாவற்றையும் சரியாக அளந்து வைத்த பின்னும் பிளக் வெளுத்துக் கிடக்கிறது. கையேடு பிழையன்று; அது எழுதப்பட்ட உலகம் மாறிவிட்டது. ஜெட்டை ஓரளவு பெரிதாக்குவதும், எத்தனாலைத் தாங்கும் ரப்பரால் குழாய்களை மாற்றுவதும் இன்று தேவைப்படுகின்றன.

இங்கேதான் ஒரு வழக்கு எழுகிறது. 2021 ஜூலையில் நடுவண் அரசு பழமைச் சிறப்புடைய ஊர்திகளுக்கெனத் தனிப்பதிவு விதிகளை வெளியிட்டது. 50 ஆண்டு கடந்து, சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றமின்றி மூல வடிவில் காக்கப்படும் கார்களுக்கு இப்பதிவு. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். பத்தாண்டுக்குப் பின் புதுப்பிக்க 5,000 ரூபாய். அன்றாடப் போக்குவரத்துக்கு அவை ஓடக்கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஓடலாம். நல்ல விதிகள், ஹெரால்டு போன்ற எளிய கார்களும் இதனால் காப்புப் பெறுகின்றன. ஆனால் மூல வடிவம் என்னும் சொல்லைப் பிடித்துக்கொண்டு, ஒரு திருகாணியைக்கூட மாற்றலாகாது என்று வாதிடும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கார்கள் லாரியில் ஏறிக் கண்காட்சிக்குப் போய், லாரியில் ஏறித் திரும்புகின்றன. எதிர்ப்பக்கத்தில், ஜப்பானிய எஞ்சினைப் பொருத்தி, முகப்பை மட்டும் பழையதாக வைத்திருப்போரும் உளர்.

தமிழ் படித்தவர்க்கு இந்த வழக்குப் புதிதன்று. ஏட்டுச்சுவடி பதிப்பித்தலில் நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் வழக்கே இது. உ.வே.சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது, செல்லரித்த இடத்தை நிரப்ப ஆசையுற்று அடிகளை இயற்றிச் சேர்க்கவில்லை. படிக்கவே முடியாதபடி ஏட்டை அப்படியே அச்சிலும் ஏற்றவில்லை. எது ஏட்டில் உள்ளது, எது ஊகம் என்று படிப்பவர் அறியும்படி செய்வதே நல்ல பதிப்பு. காருக்கும் அம்முறையே பொருந்தும். எத்தனாலுக்காக ரப்பர்க் குழாயை மாற்றலாம். இருக்கைப் பட்டை பொருத்தலாம். வெயிலுக்குத் தாங்கும் ரேடியேட்டர் வைக்கலாம். ஆனால் மாற்றியதையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் நாளிட்டு எழுதி, கழற்றிய பழம்பொருளைப் பெட்டியில் பெயரிட்டு வைத்து, வேண்டும்போது மீண்டும் மூலத்துக்குத் திரும்பக்கூடியவாறு செய்யவேண்டும். ஓடாத கார் மூலவடிவத்தைக் காக்கிறது என்பது ஏற்கத்தக்கதன்று. படிக்கப்படாத சுவடியும் பெட்டிக்குள் மூலத்தைக் காத்துக்கொண்டுதான் இருந்தது, கரையான் வரும்வரை.

அக்குறிப்பேடு இன்னொரு காரணத்தாலும் வேண்டியதாகிறது. பாயிண்டின் இடைவெளியைப் பார்வையாலேயே சொல்லக்கூடிய மெக்கானிக்குகள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சாலையோரப் பட்டறைகளில் அவர்களிடம் கற்றவர்கள் இப்போது கணினியைச் செருகிப் பிழைக்குறி படிக்கிறார்கள். அதுவும் அறிவுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் முதியவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, எட்டாம் கிலோமீட்டரில் கேட்ட ஓசையும் பதினெட்டாம் கிலோமீட்டரில் கேட்ட ஓசையும் வேறு என்று சொல்லும் அறிவு எந்தத் தாளிலும் இல்லை. அவர் சொல்லும்போது பின்னிருக்கையில் ஒருவர் எழுதிக்கொண்டு வந்தால் நல்லது: நாள், நேரம், வேகம், வெப்பம், கேட்ட ஓசை, ஐயுற்ற காரணம், மாற்றிய பொருள், மாற்றியபின் கேட்ட ஓசை. சோதனை ஓட்டத்துக்கு ஓட்டுநரும் மெக்கானிக்கும் போதும் என்பது தவறு. எழுதுபவர் ஒருவரும் வேண்டும். இவ்வட்டத்தின் உறுப்பினர்களில் கையெழுத்து நன்றாக உள்ளவர்கள் முன்வரலாம்.

ஏழெட்டு ஓட்டங்களுக்குப் பின் பெரிய குறைகள் தீர்ந்துவிடும். எஞ்சின் சீராக ஓடுகிறது. வண்டி நேராக நிற்கிறது. விக்கிரவாண்டியில் வராக நதிப் பாலத்தை நிற்காமல் கடக்கிறது. பெரிய ஓசைகள் அடங்கியதும், அவற்றின் அடியில் இதுவரை கேளாதிருந்த சிற்றோசைகள் கேட்கத் தொடங்கும். கதவின் உள்ளே ஒரு கிறீச்சொலி. டாஷ்போர்டின் பின்னால் ஒரு சிறு தட்டல். மணிக்கு 45 கிலோமீட்டரில் மட்டும் வந்து 50-இல் மறைந்துபோகும் ஒரு ரீங்காரம். அது பெரும்பாலும் ஸ்பீடாமீட்டர் கம்பியாக இருக்கும். கம்பியை உறையிலிருந்து உருவி, துடைத்து, மெல்லிய கிரீஸ் தடவி, மேல்நுனியில் ஓர் அங்குலத்துக்குக் கிரீஸ் படாமல் விட்டு மறுபடி செருக வேண்டும். முழுவதும் தடவினால் கிரீஸ் மெல்ல ஏறி மீட்டருக்குள் போய்விடும். பிறகு மீண்டும் திண்டிவனம் சாலைக்கு எடுத்துச்சென்று, 45-இல் வைத்துக் கேட்டுப் பார்க்கிறார்கள்.